ஏடில்லா நாடகம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில், வெல்ஸ் தெருவில், ஒரு காலத்தில் சீனச் சலவைக்கடையாக இருந்த ஓர் இடத்தை ஒழித்துச் செப்பனிட்டு, 1959-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி இரவு, ஒரு சிறிய ஹாஸ்ய நாடகக் கோஷ்டியார் தங்கள் முதல் நிகழ்ச்சியை நடத்தினார்கள். பால் சில்ஸ், பெர்னி சாலின்ஸ், ஹோவர்டு ஆல்க் என்னும் மூவர் சேர்ந்து தொடங்கிய அந்தக் கோஷ்டிக்குச் 'செகண்ட் சிட்டி' என்று பெயர். ஆலன் ஆர்கின், பில் மரே, கில்டா ராட்னர், ஸ்டீவ் கரெல், டீனா ஃபே, ஸ்டீஃபன் கோல்பேர் என்று பிற்காலத்தில் திரையிலும் தொலைக்காட்சியிலும் பிரசித்தி பெற்ற எத்தனையோ பேர், அந்த ஸ்தாபனத்தின் சிகாகோ மேடையிலோ டொரான்டோ கிளையிலோ நின்று தொழில் பழகியவர்கள். அவர்களுடைய கீர்த்தியைப் பற்றி உலகம் போதிய அளவு பேசிவிட்டது. கீர்த்தி வருவதற்கு வெகுகாலம் முன்பாக, ஊர் பேர் தெரியாத ஒரு வாலிபனோ யுவதியோ அந்த மேடைகளில் எவ்வாறு நடிகராக உருப்பெறுகிறார் என்பதே இங்கே நம்முடைய விஷயம்.

அங்கே அவர் பழகும் கலைக்கு 'இம்ப்ராவ்' என்று பெயர். எழுதி வைத்த வசனம் இதற்கு இல்லை. ஒத்திகை பார்த்த கதை இல்லை. காட்சி ஜோடனையும் வேஷப் பொருத்தமும் இல்லை. இரண்டு நாற்காலிகள் இருக்கும். பெரும்பாலும் ஓரத்தில் ஒரு பியானோ இருக்கும். சபையிலிருந்து ஒரு சொல்லையோ ஓர் இடத்தின் பெயரையோ கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த க்ஷணத்திலேயே ஐந்தாறு பேர் பாத்திரங்களைப் படைத்து, சம்பாஷணையை இட்டுக்கட்டி, ஒரு கதையை நடத்திக்காட்டி முடித்துவிடுவார்கள். முதன்முறை பார்க்கிறவர்கள், இவர்களெல்லாம் பிறவியிலேயே வாய்ச்சாமர்த்தியம் படைத்தவர்கள் என்றும், அந்த வரம் இல்லாதவர்களுக்கு இந்த வித்தை ஒருநாளும் கைவராது என்றும் முடிவு கட்டிக்கொள்வது சகஜம். என்னுடைய அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. பேச்சில் வல்லவர்களே இங்கே ஆரம்பத்தில் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள். காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் நாளடைவில் மேலே வருகிறார்கள். அந்தக் கேட்கும் சக்தியை அப்பியாசத்தினால் வளர்த்துக்கொள்ள முடியும் என்று கண்டு, அதற்கென ஒரு பாடமுறையையே வகுத்துத் தந்தவர் ஒரு பெண்மணி.

வயோலா ஸ்போலின் அம்மையார் 1906-ஆம் ஆண்டு சிகாகோவில், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் அந்நகரின் ஏழை மக்கள் நடுவே தொடங்கிய 'ஹல் ஹவுஸ்' என்னும் சமூகசேவை நிலையத்தில், நீவா பாய்டு என்ற ஆசிரியையிடம் அவர் இளமையில் பயிற்சி பெற்றார். குழந்தைகளின் பரம்பரை விளையாட்டுக்களைத் திரட்டி, அவற்றின் மூலமாகவே ஒருவரோடொருவர் கூடி வாழும் பண்பை வளர்க்கலாம் என்று நம்பியவர் பாய்டு. பிறகு 1930-களின் இறுதியில், பொருளாதார மந்தத்தினால் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அமெரிக்க அரசாங்கம் ஏற்படுத்திய திட்டத்தின்கீழ், ஸ்போலின் அம்மையார் நாடகப் பயிற்சிக்கு மேற்பார்வையாளராக அமர்ந்தபோது, பல தேசங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் பேசும் பாஷை ஒன்று, தெருவில் கேட்கும் பாஷை வேறொன்று, கூச்சமோ அளவில்லாதது. 'இந்த வசனத்தை மனப்பாடம் செய், இந்த இடத்தில் கையைத் தூக்கு' என்று அதட்டி நடிப்பைப் புகட்டினால் அந்தக் குழந்தைகள் மரமாகிப் போவார்கள் என்று கண்ட அவர், பாடத்தையெல்லாம் விளையாட்டாக மாற்றிவிட்டார்.

அந்த விளையாட்டுக்களில் சிலவற்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் இன்றைக்கும் உலகெங்கும் இம்ப்ராவ் பள்ளிகளில் முதல் பாடமாக இருப்பவை அவையே. இருவர் எதிரெதிரே நிற்கவேண்டும். ஒருவர் கண்ணாடியின் முன் நிற்பவர், மற்றவர் கண்ணாடியில் தெரியும் பிம்பம். முன்னவர் கையை அசைத்தால் பின்னவரும் அதே வேகத்தில், அதே கோணத்தில் அசைக்கவேண்டும். சிறிது நேரம் சென்றதும் ஆசிரியர் ஓரத்திலிருந்தே குரல் கொடுத்து, இருவருடைய பொறுப்பையும் மாற்றுவார்; பிறகு மறுபடியும் மாற்றுவார்; கடைசியில், இருவருமே பிம்பமாக இருங்கள், ஒருவரும் முந்தவேண்டாம் என்பார். அப்போது யார் நடத்துகிறார், யார் தொடர்கிறார் என்று பார்க்கிறவர்களுக்கும் விளங்காது, ஆடுகிறவர்களுக்கும் விளங்காது. ஆனால் அசைவு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு விளையாட்டில், இல்லாத கயிற்றை இரு கட்சியினர் இழுக்கவேண்டும். அந்தக் கயிற்றின் கனமும் முறுக்கும் இருவர் கைக்கும் ஒன்றாகத் தெரிந்தாலன்றி ஆட்டம் கூடாது. வேறொன்றில், எந்தப் பாஷையிலும் சேராத அர்த்தமற்ற ஒலிகளைக் கொண்டே ஒருவருக்கொருவர் விஷயத்தை விளங்கவைக்க வேண்டும். பாஷையினால் பிரிந்து நின்ற குழந்தைகளுக்கு இது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நெகிழ்கிறது. பிறர் மெச்சவேண்டும் என்ற ஆசையும், பிறர் ஏசுவார்களோ என்ற பயமும் சேர்ந்துதான் மனிதனுடைய சகஜமான சக்தியைக் கட்டிப்போடுகின்றன என்பது அம்மையாரின் சித்தாந்தம். விளையாட்டில் மனம் முழுவதும் ஈடுபட்டிருக்கும் குழந்தைக்கு இந்த ஆசையும் இல்லை, பயமும் இல்லை. தம்முடைய முறையையெல்லாம் தொகுத்து அவர் எழுதிய நூல் 1963-ல் வெளிவந்து, இத்துறையின் ஆதார நூலாக இன்றளவும் விளங்குகிறது.

செகண்ட் சிட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் சில்ஸ், ஸ்போலின் அம்மையாருடைய புதல்வர். அதற்கு முன்பே, 1955-ல், சில்ஸும் டேவிட் ஷெப்பர்டு என்பவரும் சிகாகோ சர்வகலாசாலையின் அருகே ஒரு மதுக்கடையில் 'காம்பஸ் பிளேயர்ஸ்' என்ற கோஷ்டியை நடத்திவந்தார்கள். கதையின் போக்கை மாத்திரம் குறித்துக்கொண்டு, வசனத்தை நடிகர்களின் மனோதர்மத்துக்கே விட்டுவிடும் முறை அவர்களுடையது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு முகமூடிக் கூத்தர்கள் ஊர் ஊராகச் சென்று அம்மாதிரிதான் ஆடினார்கள். காம்பஸ் மேடையில்தான் மைக் நிக்கல்ஸ், எலெய்ன் மே என்னும் இருவர் ஜோடி சேர்ந்தார்கள். நிக்கல்ஸ், ஹிட்லருடைய ஜெர்மனியிலிருந்து 1939-ல் சிறு பையனாகத் தப்பி வந்தவர். இருவரும் 1960-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் நடத்திய நிகழ்ச்சியின் இறுதியில், முதல் வாக்கியம் ஒன்றையும் கடைசி வாக்கியம் ஒன்றையும், எந்த ஆசிரியரின் நடையில் அமையவேண்டும் என்பதையும் சபையோரிடமே கேட்டு, அப்போதைக்கப்போது ஒரு காட்சியைப் படைத்துக் காட்டுவார்கள்.

சரி, பாடம் இல்லாமல் இரண்டு பேர் மேடையில் நின்றால் குழப்பம் அல்லவா விளையவேண்டும்? விளையாமல் காப்பது ஒரு சிறு நியமம். கூட நடிப்பவர் சொன்னது எதுவாயினும் அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல் தன் பங்குக்கு ஒன்றை அதனோடு சேர்க்கவும் வேண்டும். 'ஆம், மேலும்' என்று இந்த நியமத்தைச் சுருக்கிச் சொல்வார்கள். ஒருவர் நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்து, "டாக்டர், இந்த இடது கால் இரண்டு நாளாக என்னோடு பேசவே மறுக்கிறது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே நிற்பவர், "நான் டாக்டர் இல்லையே, தபால்காரன்" என்று விடை சொன்னால் சபையில் ஒரு சிரிப்பு எழலாம். ஆனால் அந்தச் சிரிப்போடு காட்சி செத்துப்போகிறது. முதலில் பேசியவர் கட்டிய வீடும் இடிந்துபோகிறது. அதற்குப் பதிலாக, "போன வாரம் நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை அதற்குப் படித்துக் காட்டினீர்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்தக் காலுக்கு ஒரு மனஸ்தாபம் உண்டாகிறது, அந்த மனஸ்தாபத்துக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, வலது கால் யார் கட்சி என்ற கேள்வி பிறக்கிறது, காட்சி தானாகவே நடக்கத் தொடங்குகிறது. முந்திய விடையைச் சொன்னவர் தமக்காக ஒரு சிரிப்பைப் பறித்துக்கொண்டவர். பிந்திய விடையைச் சொன்னவர் இருவருக்கும் பொதுவாக ஒன்றைக் கொடுத்தவர். ஒரு மாணவர் முந்திய ரகத்திலிருந்து பிந்திய ரகத்துக்கு நகர்வதற்குச் சில சமயம் வருஷக்கணக்கில் ஆகிவிடுகிறது.

அந்த வருஷங்களில் அவருடைய வாழ்க்கை எப்படியிருக்கிறது? பகலில் ஏதாவது ஓர் உத்தியோகம்: ஹோட்டலில் பரிமாறும் வேலையோ, அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையோ. டீனா ஃபே, சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் முன்கூடத்தில் வருவோர் போவோரைக் கவனிக்கும் வேலை பார்த்துக்கொண்டேதான் இப்பயிற்சியைப் பெற்றார். கனமான சோக நாடகங்களில் நடிப்பதே தம் லட்சியம் என்று எண்ணியிருந்த கோல்பேர், செகண்ட் சிட்டியில் நினைவுப் பொருட்களை விற்கவும் தொலைபேசியில் பேசவும் அமர்ந்தவர். அங்கே வேலை செய்பவர்களுக்கு வகுப்புகள் இலவசம் என்ற சலுகை அவரை இந்த வழியில் திருப்பியது. பிறகு கோல்பேர், ஸ்டீவ் கரெலுக்கு மாற்றாளாக, கரெல் வராத நாட்களில் மேடை ஏறுகிறவராக, இருந்தார்.

மாலையில் வகுப்பு. சில வாரங்கள் கொண்ட படிகளாகப் பயிற்சி வகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியையும் முடித்தவர் அடுத்ததற்குப் போவார். முதற்படியில் வருகிறவரைப் பீடிக்கும் குற்றங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மௌனத்தைக் கண்டால் அவருக்கு நடுக்கம். ஆகவே ஓயாமல் பேசுவார். எதையும் நிச்சயமாகச் சொல்ல அஞ்சி, "இது என்ன? நீ யார்? நாம் எங்கே இருக்கிறோம்?" என்று கேள்வியாகவே கேட்டு, படைக்கும் சுமையையெல்லாம் எதிராளியின் தலையில் ஏற்றுவார். கற்பனையில் ஒரு மேஜையைப் போட்டுவிட்டு, மறுநிமிஷம் அந்த மேஜையின் நடுவே நடந்து போவார். எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே தம்முடைய அடுத்த வேடிக்கையை மனத்துக்குள் தயாரித்துக்கொண்டிருப்பது. தயாரித்ததைச் சொல்ல வாய்ப்பு வரும்போது காட்சி வேறெங்கோ போயிருக்கும். இருந்தாலும் விட மனம் வராமல் சொல்லிவிடுவார். கச்சேரியில் முன்கூட்டியே நெட்டுருச் செய்துகொண்டு வந்த ஸ்வரக் கோவையைப் பொருத்தம் பாராமல் கொட்டிவிடும் பாடகரை ரசிகர்கள் கண்டுகொள்வதுபோல, இதையும் சபை உடனே கண்டுகொள்கிறது.

இந்தக் குற்றங்கள் விலகுவது சிரிப்பினால் அன்று, தோல்வியினால்தான். வாரநாளில், ஏதோ ஒரு மதுக்கடையின் பின்னறையில், மேடையில் இருப்பவர்களைக் காட்டிலும் கீழே இருப்பவர்கள் குறைவாக உள்ள இரவுகளில், சிரிப்பே எழாத இருபது நிமிஷங்களை ஒரு கோஷ்டி சேர்ந்து அனுபவிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பயிற்சியாளர் குறித்து வைத்திருப்பதைக் கேட்கிறார்கள். இன்ன இடத்தில் உன் தோழி ஒரு வார்த்தை சொன்னாள், அது உன் காதில் விழவில்லை. இன்ன இடத்தில் காட்சி முடிந்துவிட்டது, யாரும் குறுக்கே ஓடி அதை முடித்துவைக்கவில்லை. பேச்சு இப்படியே போகும். ஆலன் ஆர்கின் செகண்ட் சிட்டிக்கு வந்த புதிதில் தம்மால் யாரையும் சிரிக்கவைக்க முடியவில்லை என்றும், தாமாக இருந்து முடியாததை ஒரு பாத்திரத்தின் உடம்புக்குள் புகுந்துகொண்ட பிறகே சாதிக்க முடிந்தது என்றும் சொல்லியிருக்கிறார். தோற்பதற்கு அனுமதி உள்ள ஓர் இடம் தமக்குக் கிடைத்ததே பெரும் பாக்கியம் என்பது அவர் கருத்து. நடிப்புக் கலையின் வேறெந்தப் பள்ளியிலும் தோல்விக்கு இவ்வளவு மரியாதையான ஆசனம் கொடுக்கப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாளடைவில் ஒரு மாறுதல் தெரிகிறது. மேடையின் ஓரத்தில் நிற்கும் நேரத்தையும் ஆட்டத்தின் பகுதியாகவே நடிகர் உணரத் தொடங்குகிறார். நடுவில் இருவர் பேசிக்கொண்டிருக்கையில் அங்கே ஒரு மழை தேவையென்று தோன்றினால் ஓரத்திலிருந்தே மழையாகிறார். கதவு தேவையென்றால் கதவாகிறார். ஒன்றும் தேவையில்லையென்றால் அசையாமல் நிற்கிறார். அசையாமல் நிற்பதே எல்லாவற்றிலும் கடினம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நிகழ்ச்சி தொடங்குமுன் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடைய முதுகையும் தட்டி, "உன் பின்னால் நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் பல கோஷ்டிகளில் உண்டு. அது வெறும் சடங்கு அன்று. அடுத்த அரைமணி நேரத்துக்கு அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுக்கும் சாசனம் அதுதான்.

செகண்ட் சிட்டி தோன்றிய அதே காலத்தில், இங்கிலாந்தில் கீத் ஜான்ஸ்டன் என்பவர் தனியே ஒரு வழி கண்டார். இரு மனிதர் சந்திக்கும்போது ஒருவர் தம் அந்தஸ்தைச் சிறிது உயர்த்திக்கொள்வதும் மற்றவர் சிறிது தாழ்த்திக்கொள்வதுமே சம்பாஷணைக்கு உயிர் கொடுக்கின்றன என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்நாட்டில் 1968 வரையில் நாடகங்களை முன்கூட்டியே அரண்மனை அதிகாரி ஒருவரிடம் காட்டி அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் இருந்தது. எழுதாத நாடகத்தை எப்படிக் காட்டுவது? ஆகவே அவர் தம் நிகழ்ச்சிகளை வகுப்பு என்ற பெயரில் நடத்தவேண்டியிருந்தது. பின்பு கனடாவின் கால்கரி நகரில் குடியேறி, 2023-ல் காலமானார்.

சிகாகோவிலோ வேறொரு வழக்கு வெகுகாலம் நடந்தது. செகண்ட் சிட்டியில் எழுதி அமைத்த காட்சிகளின் தொகுப்பே பிரதான நிகழ்ச்சி. அது முடிந்தபின், சபையோர் கொடுக்கும் சொற்களைக் கொண்டு இட்டுக்கட்டி ஆடும் ஒரு பகுதி உண்டு. அதில் தேறிய காட்சிகளைப் பல இரவுகள் திரும்பத் திரும்ப ஆடி, செதுக்கி, அடுத்த பிரதான நிகழ்ச்சியில் சேர்ப்பார்கள். ஆகையால் இம்ப்ராவ் என்பது நல்ல காட்சியை எழுதுவதற்கு ஒரு கருவியே என்பது பெர்னி சாலின்ஸின் துணிபு. அங்கே இயக்குநராக இருந்த டெல் குளோஸ் என்பவர் அதை ஒப்பவில்லை. அதுவே தன்னளவில் ஒரு பூரணமான கலை என்று வாதாடினார். சபையோர் தரும் ஒரே சொல்லிலிருந்து பல காட்சிகள் கிளைத்து, இடையில் கூட்டாட்டங்கள் வந்து, முந்திய காட்சிகள் திரும்பவும் தோன்றி, இறுதியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் 'ஹேரல்டு' என்ற நெடிய வடிவம் அவரால் வளர்ந்தது. 1980-களில் சார்னா ஹால்பர்ன் அம்மையாருடன் சேர்ந்து 'இம்ப்ராவ் ஒலிம்பிக்' என்ற அரங்கில் அவர் இதைக் கற்பித்தார், 1999-ல் மறைந்தார். வாழ்க்கையில் போதைக்கு அடிமையாகி மிகவும் துன்புற்றவர் அவர். ஆனால் ஒரு சொல்லை அறிவோடும் பொறுமையோடும் அணுகினால் அதிலிருந்து அரைமணி நேர நாடகம் விரியும் என்பதை ஒரு தலைமுறைக்கே நம்பவைத்தார். இந்த வழக்கில் என் மனம் அவர் பக்கமே சாய்கிறது.

அதற்குச் சாட்சியாக டி. ஜே. ஜாகடாவ்ஸ்கி, டேவிட் பாஸ்க்வேசி என்னும் இருவரைச் சொல்லலாம். 2002 முதல் சிகாகோவில் இவர்கள் நடத்திவரும் நிகழ்ச்சியில் சபையிடம் ஒரு சொல்கூட வாங்குவதில்லை. நம்புங்கள், இதெல்லாம் இப்போது இட்டுக்கட்டுவதுதான் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார்கள். விளக்கு மீண்டும் எரிந்ததும் ஒருவரையொருவர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பார்வையிலிருந்தே, இவர்கள் யார், எவ்வளவு காலமாகப் பழக்கம், இவர்களுக்குள் என்ன வருத்தம் என்பதெல்லாம் மெல்ல மெல்ல வெளிப்பட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். அவசரமில்லை, சிரிப்புக்காகக் கையேந்தும் பரபரப்பில்லை. முதற்படி மாணவரின் நடுக்கம் எங்கே கொண்டுபோய்விடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

ஒளிக்காமல் சொல்லவேண்டிய இன்னொரு பக்கமும் இக்கலைக்கு உண்டு. ஆறு பேர் கொண்ட செகண்ட் சிட்டி நடிகர் குழுவில் நெடுங்காலம் நால்வர் ஆண்கள், இருவரே பெண்கள் என்பது வழக்கம். 1990-களின் நடுவில்தான் அது சரிபாதியாயிற்று. ஒப்புக்கொள், சேர்த்துக்கொள் என்று மேடையில் உபதேசித்த ஸ்தாபனத்தில், கருப்பின நடிகர்களும் மற்றச் சிறுபான்மையினரும் தாங்கள் அனுபவித்த அநீதியை 2020-ஆம் ஆண்டு பகிரங்கமாக எடுத்துரைத்ததும், அதன் தலைவர் பதவி விலகினார். கூலியின் கதை இன்னும் வருந்தத்தக்கது. பயிற்சிக்கு மாணவர்கள் பணம் கட்டுகிறார்கள். தேறியபின் பல அரங்குகளில் இரவுதோறும் ஒரு காசும் பெறாமல் ஆடுகிறார்கள். மேடை கிடைப்பதே ஊதியம் என்பது அரங்கத்தார் வாதம். பார்க்க வருகிறவரிடம் சீட்டுக்குப் பணம் வாங்கிய பிறகு அந்த வாதம் செல்லாது என்பேன். வாடகை கொடுக்க வழியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே பத்து வருஷம் பொறுத்திருந்து கற்கக்கூடிய கலையாக இது சுருங்கிப்போனால், குடியேறியவர்களின் குழந்தைகளுக்காக ஸ்போலின் அம்மையார் திறந்த கதவை மூடியதாகத்தான் ஆகும்.

சிகாகோவுக்கோ, இக்கலை பரவியுள்ள வேறு நகரங்களுக்கோ செல்லும் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேர்பெற்ற அரங்கில் ஒரு மாலையைக் கழித்தால், பேர் தெரியாத ஒரு சிறு கோஷ்டிக்கும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். இலவச அனுமதி என்று எழுதியிருந்தாலும், ஆடியவர்கள் கையில் சேரும்படி உங்களால் இயன்றதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.